இரண்டு கண்ணும் இல்லாத குட்டியைத் தத்தெடுக்கலாமா? வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை

பெரம்பூர்_மாடிவீடு
ஜூன் 12, இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன்.

எங்க தெருமுனையில பூ விக்கிற அக்கா, மார்க்கெட் பூனைகளுக்கு தினமும் சாப்பாடு வைப்பாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி மீன் கூடைகளுக்கு நடுவுல ஒரு பெண் குட்டியைக் கண்டெடுத்தாங்க. சாம்பல் நிறம், வரி வரியா இருக்கும். மூணு மாசம் இருக்கும்னு டாக்டர் சொல்றார். எடுத்தப்பவே இடது கண் சுருங்கி உள்ள போயிருந்தது. வலது கண்ணுல பூளை மட்டும்தான் இருந்ததாம். ஒரு மருந்துக்கடையில கேட்டு சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்காங்க. ஒரே வாரத்துல அந்தக் கண்ணும் பிதுங்கி வெளிய வந்துடுச்சு. இப்ப ரெண்டுலயும் பார்வை இல்ல. ரெண்டையும் எடுத்துட்டுத் தைக்கணும்னு பக்கத்து கிளினிக்ல சொல்றாங்க. அதுக்கு அவங்க கேட்கிற பணம் எங்க வீட்டு ரெண்டு மாச வாடகை.

நாலு நாளா என் ரூம்ல இருக்கா. தினைன்னு கூப்பிடறேன். விரல்ல சோறு தொட்டு நீட்டினா விரலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிறா.

அப்பா "பாவம்தான், ஆனா நமக்கு எதுக்கும்மா"ங்கறார். அம்மா ஒரேயடியா முடியாதுங்கறாங்க. எங்க அக்கா கர்ப்பமா இருக்கா. செப்டம்பர்ல வளைகாப்பு முடிஞ்சதும் தலைப்பிரசவத்துக்கு இங்கதான் வரப்போறா. கர்ப்பிணி இருக்கிற வீட்ல பூனையே ஆகாது, அதுலயும் குருட்டுப் பூனையான்னு கேட்கறாங்க. முதல் மாடி, வாடகை வீடு. நான் வேலைக்குப் போறவ.

வச்சுக்கலாமா? இல்ல இப்பவே வேற வீடு தேடணுமா? மனசுல இருக்கிறதை அப்படியே சொல்லுங்க.

—

மாம்பழத்தோட்டம்
ஜூன் 12, இரவு 10:51

அழுகையே வந்துடுச்சு தங்கச்சி. கண்டிப்பா வச்சுக்கோங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி நாலு சொட்டு விட்டுப் பாருங்களேன். எங்க பாட்டி ஆட்டுக்குட்டிக்கெல்லாம் அதைத்தான் போடுவாங்க.

—

கால்நடை_மாணவி
ஜூன் 12, இரவு 11:34

மாம்பழத்தோட்டம் அக்கா, உங்க அன்பு புரியுது. ஆனா தயவுசெஞ்சு பூச்சாறு, தாய்ப்பால், டீத்தண்ணி எதையும் அந்தக் கண்ணுல விடச் சொல்லாதீங்க. புண்ணான கருவிழியில கிருமி சேர்ந்தா வலி இன்னும் அதிகமாகும்.

பெரம்பூர் அக்கா, நீங்க சொல்றது பெரும்பாலும் பூனைச் சளிக் காய்ச்சல். பூனைகளுக்கு வர்ற ஹெர்பிஸ் வைரஸ்தான் முக்கியக் காரணம். இது மனுஷங்களுக்கு ஒட்டாது. குட்டிகள் பிறந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல கண் திறக்கும். அந்தச் சமயத்துல தொற்று வந்தா இமைக்கு உள்ளயே சீழ் கட்டும், கருவிழி புண்ணாகும், சில குட்டிகளுக்கு ஓட்டையே விழும். வலது கண் ஒரே வாரத்துல போனதுக்குக் காரணம் அந்தச் சொட்டு மருந்தாவும் இருக்கலாம். சிவந்த கண்ணுக்குன்னு கடையில தர்ற பல மருந்துகள்ல ஸ்டீராய்டு கலந்திருக்கும். கருவிழியில புண் இருக்கிறப்ப ஸ்டீராய்டு விட்டா புண் ஆறாம ஆழமாகிடும். பூக்கார அக்காகிட்ட இதைக் குற்றமா சொல்லிடாதீங்க, அவங்க காப்பாத்தத்தான் பார்த்தாங்க. இதைப் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன்: பாட்டில் மேல டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசொலோன், பீட்டாமெத்தசோன்னு இருந்தா, கருவிழியில புண் இருக்கான்னு டாக்டர் கண்ணுல சாயம் விட்டுப் பார்க்காம போடக்கூடாது.

கண்ணை எடுக்கிறதுன்னா கேட்கவே பயமா இருக்கும். ஆனா அந்தக் கண் பார்வையே தராம வலியை மட்டும் தந்துக்கிட்டிருக்கு. பெரம்பூர்லேருந்து வேப்பேரி பக்கம்தானே? கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு போடுங்க. 1903ல தொடங்கின கல்லூரி அது, கண் அறுவை சிகிச்சையும் அங்க செய்யறாங்க. காத்திருக்கணும், ஆனா செலவு கையைக் கடிக்காது.

—

கடற்கரைக்காற்று
ஜூன் 13, காலை 6:15

எல்லாரும் எழுதறதுக்கு எதிரா எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. எட்டு வருஷமா தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செஞ்சு விடறேன். ஒரு தாய்ப்பூனை வருஷத்துக்கு ரெண்டு மூணு ஈத்து போடும், ஈத்துக்கு நாலு குட்டி. அதுல பாதி எங்க கண்ணு முன்னாடியே செத்துப்போகும். இந்த ஒரு குட்டிக்குச் செலவழிக்கிற பணத்துல எத்தனை தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்யலாம்னு கணக்குப் போடாம என்னால இருக்க முடியல. கண்ணில்லாத ஒரு ஜீவனைப் பதினஞ்சு வருஷம் நாலு சுவத்துக்குள்ள வச்சிருக்கிறது அதுக்கு நல்லதுதானா? வலியில்லாம அனுப்பி வைக்கிறதும் ஒரு கருணைதான். நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. பார்த்துப் பார்த்துக் களைச்சவன்.

—

காரைக்குடி_முற்றம்
ஜூன் 13, காலை 9:02

கடற்கரைத் தம்பி, நீங்க செய்யற வேலைக்கு ஒரு கும்பிடு. ஆனா உங்க கடைசிக் கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியும். ரெண்டு கண்ணும் தைச்ச பூனை எங்க வீட்ல ஆறு வருஷமா இருக்கான்.

எங்களது பழைய வீடு. முற்றம், ரெண்டு கட்டு, பின்னால கிணறு. வந்த அன்னைக்கு வளவுல விட்டேன். சுவரோட மீசையை உரசிக்கிட்டே ஒரு சுத்து சுத்தினான். ஒன்பதாம் நாள் முற்றத்துக்குக் குறுக்கால, ஒரு தூண்லயும் இடிக்காம, நேரா சாப்பாட்டுத் தட்டுக்குப் போனான். மீசை முகத்துல மட்டும் இல்ல, முன்னங்கால் மணிக்கட்டுக்குப் பின்னாலயும் நாலஞ்சு முடி இருக்கு, தடவிப் பாருங்க. கரப்பான் பூச்சி ஓடுற சத்தம் கேட்டு அதைப் பிடிக்கிறான். நம்ம காதுக்கு எட்டாத சத்தமெல்லாம் அதுங்களுக்குக் கேட்கும். தான் குருடன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது. அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு வருத்தப்படறது நாமதான்.

தங்கச்சி, அதனாலதான் உன்கிட்ட ஒண்ணு கேட்கிறேன். பாவமேன்னு எடுக்கறியா? அப்படின்னா வேண்டாம். இரக்கப்பட்டு எடுத்தவங்க அதைத் தூக்கிக்கிட்டே திரிவாங்க. தூக்கித் தூக்கி இடம் மாத்தினா, தான் எங்க இருக்கோம்னே அதுக்குத் தெரியாமப் போயிடும். நடக்க விடணும். முட்ட விடணும். ரெண்டு நாள் முட்டும், மூணாம் நாள் அந்த இடத்துக்கு ஒரு அடி முன்னாலயே நின்னு திரும்பும். தூக்கியே ஆகணும்னா, திரும்ப இறக்கி விடறப்ப எப்பவும் ஒரே இடத்துல விடு. நான் மண் தட்டு பக்கத்துலதான் விடுவேன். அங்கேயிருந்து அவனுக்கு வீடு முழுக்கத் தெரியும்.

வீட்ல எதையும் நகர்த்தக்கூடாது. இதுதான் கஷ்டம், பூனைக்கு இல்ல, நமக்கு. கேஸ் சிலிண்டர் வந்தா வாசல்ல வச்சுட்டுப் போன் பேசுவோம், மளிகைப் பையைக் கூடத்துல போடுவோம், நாற்காலியை ஃபேன் பக்கம் இழுப்போம். அத்தனை பேரும் பழகணும். அடுப்படி வாசல்ல தேங்காய் நார் மிதியடி போடு, கால்ல குத்துனா அது அடுப்படின்னு தெரிஞ்சுக்கும். அடுப்புப் பக்கம் மட்டும் ஏறவே விடாதே. தண்ணி டிரம்முக்கும் வாளிக்கும் மூடி. கீழ சம்ப் இருந்தா அதோட மூடியை தினமும் ஒரு தடவை பார். தொடறதுக்கு முன்னால பேரைச் சொல்லு, விரலை மோக்க விடு, அப்புறம் தொடு.

அப்புறம் பினாயில். தண்ணியில ஊத்தினா பால் மாதிரி வெளுக்கிற கிருமிநாசினி எதுவும் வேண்டாம். பூனையோட ஈரலுக்கு அந்த நஞ்சைச் செரிக்கத் தெரியாது, கால்ல பட்டதை நக்கியே சீக்காயிடும். கண்ணில்லாததுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. வாசனையை வச்சுத்தான் அது வீட்டைப் படிக்குது, தரையெல்லாம் பினாயில் போட்டா படிச்சதெல்லாம் அழிஞ்சு போகும்.

—

ஓய்வுபெற்ற_வாத்தியார்
ஜூன் 13, மாலை 5:40

என் அனுபவம் வேறு மாதிரியானது. எங்கள் பூனைக்கு 13 வயதிருக்கும்போது ஒரு நாள் காலையில் சுவரில் முட்டி நின்றது. கண்மணி இரண்டும் அகல விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்தார். 160க்கு மேல் போனாலே கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து, எங்கள் பூனைக்கு 200ஐத் தாண்டியிருந்தது. விழித்திரை பிரிந்துவிட்டது என்றார். அம்லோடிபின் கொடுத்தோம். அழுத்தம் குறைந்தது, பார்வை திரும்பவில்லை. மூன்று வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். அவளுக்கு இழந்தது தெரிந்திருந்தது. உங்கள் குட்டிக்கு அந்தத் துக்கம் இல்லை அம்மா.

வயதான பூனை வைத்திருப்பவர்கள், முக்கியமாகச் சிறுநீரகக் கோளாறு உள்ள பூனை வைத்திருப்பவர்கள், ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அது ஒரு வருடம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் வீடுகளில் பூனைக்குப் பால்சோறும் தயிர்ச்சோறும்தான். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவைக்குத் தயாரித்துக்கொள்ளாது, இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அதற்குக் கிடைக்க வேண்டும். பால் புரதத்தை மட்டும் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை அழிந்து போவதை 1975லேயே ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இதயமும் வீங்கிவிடும். மீனை வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும், ஆகையால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். முடிந்தால் பூனைக்கென்றே செய்த உணவும் சேர்க்கலாம். நாய் உணவு அதற்கு ஈடாகாது.

—

பெரம்பூர்_மாடிவீடு
ஜூன் 13, இரவு 11:10

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். காரைக்குடி அக்கா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் தெரியல. இன்னைக்கு அவளைத் தூக்காம தரையில விட்டுட்டு உக்காந்து பார்த்தேன். பீரோ கால்ல முட்டினா. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. அவ ஒரு தும்மல் போட்டுட்டு சுத்திப் போயிட்டா.

கடற்கரை அண்ணா, உங்க மேல கோபமில்ல. ஆனா இவ சாகத் தயாரா இருக்கிற குட்டி மாதிரி இல்ல. புளியங்கொட்டை போட்ட பாட்டிலை உருட்டினா பாய்ஞ்சு வர்றா.

மாணவித் தங்கச்சி, அம்மாவோட பயத்துக்கு என்ன சொல்லட்டும்?

—

கால்நடை_மாணவி
ஜூன் 14, காலை 7:25

அம்மா பயப்படறதுல நியாயம் இருக்கு, அதைச் சிரிச்சுத் தள்ளாதீங்க. டாக்சோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி உண்மையிலேயே இருக்கு, கர்ப்பத்துல முதல் தடவையா தொத்தினா சிசுவைப் பாதிக்கும். ஆனா அது எப்படிப் பரவுதுன்னு அம்மாகிட்ட உக்காந்து பேசுங்க. பூனைக்கு அது தொத்தின புதுசுல, ஒண்ணு ரெண்டு வாரம் போலத்தான் மலத்துல வெளிய வரும். வந்த உடனே யாருக்கும் தொத்தாது, அது முத்தறதுக்குக் குறைஞ்சது ஒரு நாள் ஆகும். அதனால மண் தட்டை தினமும் நீங்க சுத்தம் செஞ்சுடணும், உங்க அக்கா அதைத் தொடவே வேண்டாம். குட்டிக்குப் பச்சைக் கறி, பச்சை மீன் கொடுக்காதீங்க, வெளியே விடாதீங்க. கர்ப்பிணிகளுக்கு இது பெரும்பாலும் அரைவேக்காட்டுக் கறி, சரியா கழுவாத கீரை, தோட்டத்து மண் மூலமாத்தான் வருது. வீட்ல பூனை இருக்குன்னு அக்காவோட பிரசவ டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அவங்க ரத்தம் பார்க்கச் சொன்னா பார்த்துடுங்க.

குட்டிக்கு முத்தடுப்பு ஊசி ஒண்ணுக்கு மேல போடணும், அதுக்கு 16 வாரம் ஆகற வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை. ரேபிஸ் ஊசி கட்டாயம். குட்டி உங்களைக் கீறியிருந்தா நீங்களும் டாக்டரைப் பாருங்க.

—

சிராங்கூன்_சாலை
ஜூன் 14, காலை 8:50

சிங்கப்பூர்லேருந்து எழுதறேன். HDBங்கற அரசு அடுக்குமாடி வீடுகள்ல பூனை வளர்க்கிறதுக்கே இங்க 2024 செப்டம்பர்லதான் அனுமதி வந்தது. ரெண்டு பூனை வரைக்கும், உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். பன்னிரண்டாவது மாடியில இருக்கோம், அதனால ஒண்ணு சொல்றேன்: பால்கனிக்கு நைலான் புறா வலை போதாது. கடிச்சே ஓட்டை போட்டுடும். கம்பி வலை அடிங்க. பார்வையில்லாத பூனைக்குக் கைப்பிடிச் சுவர்ல ஏறத் தெரியும், அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது.

—

பெரம்பூர்_மாடிவீடு
ஜூலை 9, இரவு 9:30

வேப்பேரியில ஆபரேஷன் முடிஞ்சு எட்டு நாள் ஆச்சு. முதல் நாள் வரிசையில நாலு மணி நேரம். எங்களுக்கு முன்னாடி ஒருத்தர் ஆட்டைத் துணியில சுத்தி மடியில வச்சிருந்தார், பின்னாடி ஒரு பையன் கிளியோட நின்னான். ரத்தப் பரிசோதனை செஞ்சு, மயக்க மருந்து தாங்குவாளான்னு பார்த்துட்டுத்தான் தேதி கொடுத்தாங்க.

திரும்பிக் கூட்டிட்டு வந்த ராத்திரி ரொம்பக் கஷ்டமா இருந்தது. கழுத்துல கூம்பு. அது மீசையை மறைச்சதால சுவர் எங்கன்னு தெரியாம அப்படியே உறைஞ்சு நின்னுட்டா. முகமெல்லாம் மழிச்சு, ரெண்டு தையல் கோடு. அம்மா எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. எனக்கு அப்ப, நான் இந்தக் குட்டிக்குச் செஞ்சது சரிதானான்னு ஒரு பயம் வந்தது. உண்மையைச் சொல்றேன், விடிய விடிய அழுதேன்.

நாலாம் நாள் காலையில எனக்கு முன்னாடி எழுந்து என் மூக்கைக் கடிச்சா. இத்தனை நாள் நான் பார்த்தது சாதுவான குட்டின்னு நினைச்சேன். அது வலியில இருந்த குட்டி. இப்ப திரைச்சீலையில ஏறுறா. ஏறத் தெரியுது, இறங்கத் தெரியல. கத்தறா.

—

காரைக்குடி_முற்றம்
ஜூலை 9, இரவு 10:05

இறங்கறதுக்குக் கத்துக்கொடு. இறக்கி விடாதே. கையைக் கீழ தட்டிச் சத்தம் கொடு, பின்னங்காலை ஒவ்வொண்ணா வழிகாட்டு. எங்க பூனைக்கு மாடிப்படி இறங்க ஒரு மாசம் ஆச்சு, இப்ப என்னை விட வேகமா இறங்கறான்.

—

கடற்கரைக்காற்று
ஜூலை 10, காலை 6:30

படிச்சேன். தங்கச்சி, ஆறு மாசம் ஆனதும் கருத்தடைக்கு என்கிட்ட சொல்லுங்க. நானே வண்டியில கூட்டிட்டுப் போய்ட்டு வர்றேன். அப்படியே அந்த மீன் மார்க்கெட்ல இருக்கிற தாய்ப்பூனையையும் காட்டுங்க. அடுத்த ஈத்துக்கு முன்னாடி பிடிச்சாகணும்.

—

பெரம்பூர்_மாடிவீடு
அக்டோபர் 3, இரவு 8:45

அக்கா வந்தாச்சு. டாக்டர்கிட்ட சொல்லிட்டோம். ரத்தப் பரிசோதனை முடிஞ்சுது, நாங்க கவனிக்க வேண்டியதையும் சொல்லி அனுப்பினாங்க. மண் தட்டு என் ரூம் பாத்ரூம்ல, காலையும் ராத்திரியும் நானே எடுக்கறேன். போன மாசம் தாய்ப்பூனையையும் தினையையும் ஒரே நாள்ல கடற்கரை அண்ணா கூட்டிட்டுப் போய்க் கருத்தடை முடிச்சுட்டார்.

அப்பாவைப் பத்தி எழுதணும். அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி. காலையில பேப்பர் படிக்க ஜன்னல் பக்கம், மத்தியானம் ஃபேனுக்கு அடியில, சாயங்காலம் டி.வி. முன்னாடி. நாப்பது வருஷப் பழக்கம். தினை தினமும் அதுல முட்டுவா. நான் ஒண்ணும் சொல்லல, சொல்ல எனக்கு வாய் வரல. போன ஞாயித்துக்கிழமை தரை துடைக்கறப்ப பார்த்தேன். ஃபேனுக்கு அடியில, நாற்காலி கால் வர்ற நாலு இடத்துலயும் சாக்பீஸ்ல சின்ன வட்டம் போட்டிருந்தது. அதைத் துடைச்சுடாதேன்னார். இப்ப பேப்பரும் டி.வி.யும் எல்லாம் அங்கேயிருந்துதான். ஜன்னல் வெளிச்சம் பத்தலன்னு ஒரு டேபிள் லாம்ப் வாங்கியிருக்கார்.

—

மாம்பழத்தோட்டம்
அக்டோபர் 3, இரவு 9:12

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க தங்கச்சி. தீபாவளி வருதே, என்ன செய்யப்போறீங்க?

—

ஓய்வுபெற்ற_வாத்தியார்
அக்டோபர் 4, காலை 7:00

வெடி தொடங்குவதற்கு முன்பே உள் அறையில் விட்டு, ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் வானொலியையும் போட்டுவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எப்போதும் பேசுவது போலப் பேசிக்கொண்டிருங்கள். சத்தத்தை வைத்தே இடத்தை அறியும் உயிருக்கு அந்த இரண்டு நாளும் திசையே தெரியாது. பயத்தில் பழைய தும்மலும் சளியும் திரும்பி வரலாம். அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை.

—

பெரம்பூர்_மாடிவீடு
டிசம்பர் 14, மதியம் 2:20

தீபாவளிக்கு வாத்தியார் ஐயா சொன்னபடியே செஞ்சோம். அப்பவும் ஒரு வாரம் தும்மினா, டாக்டர்கிட்ட காட்டினோம், சரியாயிடுச்சு.

அக்காவுக்குப் பையன் பிறந்து பதினஞ்சு நாள் ஆகுது. கூடத்துல கொக்கியில அம்மா புடவையைக் கட்டித் தூளி போட்டிருக்கு. நாங்க யாருமே யோசிக்காத ஒரு சிக்கல் அதுல வந்தது. நாற்காலி, மேசை எல்லாம் இருந்த இடத்துல இருக்கும். தூளி ஆடும். தினை நடக்கிற வழியில ஒரு சமயம் இருக்கும், ஒரு சமயம் இருக்காது. குழந்தை வந்த மூணாம் நாள் தூளி அவ முகத்துல இடிச்சதும் பயந்து சீறிட்டா. தூளிக்குள்ள குழந்தை. அம்மா ஓடி வந்து தூக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. வேற வீடு தேடுங்கன்னு காலையில சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன். சொன்னா மறுத்துப் பேச எனக்கு வார்த்தை இல்ல.

—

கால்நடை_மாணவி
டிசம்பர் 14, மதியம் 2:48

குழந்தை இருக்கிற இடத்துல யாரும் இல்லாதப்ப தினை இருக்கவே கூடாது அக்கா. கண்ணிருக்கிற பூனைக்கும் இதே விதிதான். கதவை மூடிடுங்க. அப்புறம் என்ன ஆச்சு?

—

பெரம்பூர்_மாடிவீடு
டிசம்பர் 14, மாலை 6:35

குழந்தை தனியா இருக்கிறப்ப, தூங்கறப்ப, தினை என் ரூம்ல, கதவு சாத்தி. அதுல மாத்தமில்ல.

மறுநாள் நான் ஆபீஸ் போயிட்டு வந்தப்ப தூளியோட அடியில சலங்கை கட்டியிருந்தது. எங்க அக்காவோட சின்ன வயசுக் கொலுசு, பெட்டிக்குள்ள இருந்ததை அம்மா எடுத்து, குழந்தைக் கைக்கு எட்டாத மாதிரி புடவைக்கு வெளிப்பக்கம் தைச்சிருக்காங்க. நான் பார்த்தேன். "பையன் சத்தம் கேட்டுத் தூங்கட்டும்னு கட்டினேன்"னாங்க.

இப்ப தூளி ஆடினா தினை ரெண்டடி தள்ளியே நின்னுடறா. ரெண்டு காதும் தூளி போற பக்கம் போகுது, வர்ற பக்கம் வருது. ஆட்டம் நிக்கற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, அப்புறம் அடியில குனிஞ்சு அந்தப் பக்கம் போறா. நேத்து அம்மா தூளியை ஆட்டிக்கிட்டே, "இரு, இரு, இதோ நிறுத்தறேன்"னு சொன்னாங்க. குழந்தை தூங்கிட்டிருந்தான்.